டப்பாத்துரைக்கு யார் பேர் வைத்தது?

"எம்மா, இதுக்கு மத்த பாதி எங்கெ?"

கேட்டவர் கோமதியம்மாள். கேட்டபடியே ஒரு நீளத் தாளைப் பத்திரிகை ஆபீசில் என் மேஜைமேல் வைத்தார். அச்சு இருந்த பக்கம் கீழே, பின்பக்கம் மேலே. பின்பக்கத்தில் ஒரு குழந்தையின் பென்சில் எழுத்து. ஒவ்வொரு வரியும் பாதியில் அறுந்து நின்றது.

காலை பத்து மணி இருக்கும். அடையாற்றிலிருந்து தியாகராய நகர் வரை நடந்தே வந்திருக்கிறார். பெட்ரோல் இல்லாத சண்டைக் காலத்தில் கரியில் ஓடிய பஸ்ஸுக்காகக் காத்து நிற்கப் பொறுமை இல்லை போலிருக்கிறது. கணுக்கால் வரை செம்மண். முகத்து வியர்வையைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

"என்னங்கம்மா, புரூபில் தப்பு நிறைய இருக்கா?" என்று கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கேள்விக்காக என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்தத் தாளில் அவருடைய மகள் இருந்தாள். இரண்டு வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்த ஒரே மகள். அவளைக் கத்தியால் நடுவில் வெட்டியவள் நான்.

போன வாரம் இந்தத் தொடரில் சாந்தோம் பள்ளிக்கூடத்துக் கூத்துகளை எழுதியதைப் படித்துவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்தோம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் சிரிப்பு அதிகம் இருக்காது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நாற்பது வருஷமாக நான் எழுதாமல் தள்ளிப்போட்டு வந்த சங்கதி இது.

பேர் மாற்றும் வியாதி

எனக்கு ஞானஸ்நானத்தில் சாமியார் தண்ணீர் ஊற்றி வைத்த பேர் அமலோற்பவம். டிசம்பரில் மாதா திருநாளை ஒட்டிப் பிறந்தேன். எங்கள் சாந்தோமில் அந்த வாரம் பிறக்கும் பெண்களில் பாதிப் பேர் அமலோற்பவம்தான். தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு வீட்டில் கதவு திறக்கும்.

பத்திரிகை ஆபீசில் சேர்ந்த முதல் நாளே ஆசிரியர் அதைக் கத்தரித்துவிட்டார். "இத்தனை நீளப் பேரை யாரும்மா கூப்பிடறது? அமலான்னு வெச்சுக்கோ. லட்சணமா இருக்கு."

அவர் மயிலாப்பூர்க்காரர். நல்ல மனுஷர்தான். ஆனால் எந்தப் பேரைக் கண்டாலும் அவருக்குக் கை அரிக்கும். கதை எழுதுகிறவர்களின் பேரை மாற்றுவார், கதைக்குள் இருக்கிறவர்களின் பேரையும் மாற்றுவார். எங்கள் குழந்தைகள் வாரப் பத்திரிகையில் ராஜகுமாரர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு சேனன், ராஜகுமாரிகள் எல்லாரும் ஏதாவது ஒரு மாலா. வாசிக்கிற குழந்தைகளுக்கு யார் யார் என்றே குழப்பம் வரும்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். பனகல் பார்க்கில் வெட்டிய பதுங்கு குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கித் தவளை கத்தியது. எங்கள் ஆபீஸ் ஜன்னலில் ஒட்டிய கறுப்புத் தாளைக் கிழிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். மண்ணெண்ணெயும் மையும் மைதாப் பசையும் கலந்த ஒரு வாடை எப்போதும் இருக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் அது தலைமுடியை விட்டுப் போகாது.

அந்த இருட்டு அறைக்குத்தான் ஒரு நாள் கோமதியம்மாள் கையெழுத்துப் பிரதியோடு வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், பார்வைக்கு ஐம்பது. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. அடையாற்றில் ஒரு பங்களாவின் பின்கட்டில் தங்கி, அந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கதையின் பேர் 'ஏணியடி ராஜ்யம்'.

குண்டுமாமியும் வவ்வாலய்யாவும்

மரப்படிகள் கொண்ட ஒரு வீடு. செங்குத்தான படி என்பதால் அதற்கு ஏணி என்றே பேர். அந்த ஏணிக்கு அடியில் ஒரு ராஜ்யம் இருக்கிறது. அங்கே ராணி ஒரு தண்ணீர் ஜாடி, அவள் பேர் குண்டுமாமி. மந்திரி ஒரு சிவப்புச் சேவல், அவன் டப்பாத்துரை. கோட்டை வாசலைக் காப்பது ஒரு சுவர்க் கடிகாரம். மணி அடிப்பதற்கு முன் கரகரவென்று இருமும், அதனால் இருமல் தாத்தா. கம்பி ஒடிந்த குடை ஒன்று வானத்தில் பறக்கும், அது வவ்வாலய்யா.

நான் ஒரே மூச்சில் படித்தேன். சொந்தத் தம்பி தங்கைகளுக்குக் கதை சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்த எனக்கே அந்த ஏணிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கதை பேஷா இருக்கு. ஆனா இதெல்லாம் என்னம்மா பேரு? டப்பாத்துரையாம், குண்டுமாமியாம். எங்காத்துக் குழந்தைகள் எங்க மாமியை அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சுடுத்துன்னா நான் ஆத்துக்குள்ள நுழைய முடியுமா? சேவலுக்கு ரத்னசிகன்னு வைப்போம்."

"பேர மட்டும் மாத்தப்படாது சார்" என்றார் கோமதியம்மாள்.

"அதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?"

"இருக்கு."

"என்ன அர்த்தம்?"

"அது பெறகு சொல்லுதேன். பேர மாத்தணும்னா கதைய குடுத்துருங்க, போயிருதேன்."

கைக்கு வந்த நல்ல கதையைத் திருப்பிக் கொடுக்க எந்த ஆசிரியருக்கு மனசு வரும்? ஒத்துக்கொண்டார். ஆனால் கை அரிப்பு அடங்கவில்லை. எழுதியவர் பேராக 'வடிவு அம்மா' என்று போடும்படி கோமதியம்மாள் கேட்டிருந்தார். ஆசிரியர் அதை அடித்துவிட்டு, 'பட்டம் மாமா' என்று எழுதினார். குழந்தைகளுக்கு மாமா என்றால்தான் பிடிக்குமாம்.

கோமதியம்மாள் அந்த அடித்த எழுத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சரி என்றார். இரண்டுக்கும் சண்டை போட்டால் ஒன்றும் கிடைக்காமல் போய்விடும் என்று நினைத்திருப்பார். எதை விட்டுக்கொடுத்தார் என்பது அந்த அறையில் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

ரகசியம் கண்டுபிடி

கதை பிய்த்துக்கொண்டு போயிற்று. லஸ் முனையில் டிராமுக்கு நிற்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரையொருவர் டப்பாத்துரை என்று கூப்பிட்டுக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். பெருமையாக இருந்தது.

ஆசிரியர் சும்மா இருப்பாரா? ஒரு போட்டி வைத்தார். 'ரகசியம் கண்டுபிடி! டப்பாத்துரைக்கு ஏன் அந்தப் பேர்? குண்டுமாமி யார்?' சரியான அர்த்தம் எழுதுகிறவர்களுக்குக் கலர் பென்சில் பெட்டி. சரியான அர்த்தம் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

கோமதியம்மாளுக்குப் போட்டி பிடித்திருந்தது. அது எனக்கு ஆச்சரியம். பிரதி கொடுக்க வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வர்ற லெட்டர் அம்புட்டையும் ஒருக்கா எனக்குக் காட்டும்மா. ஒண்ணு விடாம" என்றார்.

நான் தலையாட்டினேன். எழுத்தாளர்களை எனக்குத் தெரியும் என்ற எண்ணம் அந்த வயதிலேயே எனக்கு உண்டு. புகழ்ச்சிக் கடிதம் படிக்க ஆசைப்படுகிறார், பாவம், என்று நினைத்தேன். அதனால் நல்லதாகப் பார்த்து ஒரு நாற்பது கடிதத்தைப் பொறுக்கி, நூல் கட்டி, அவரிடம் கொடுத்தேன். அவர் மனம் நோகிற மாதிரி இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். நான் அவருக்குச் செய்த உபகாரம் அது.

பரிசு மயிலாப்பூர் வக்கீல் ஒருவரின் பையனுக்குப் போயிற்று. டப்பா என்றால் உள்ளே ஒன்றும் இல்லாத தகரம், துரை என்றால் நம்மை ஆளும் துரை, சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருப்பவர்களைப் பட்டம் மாமா கேலி செய்கிறார் என்று அவன் எழுதியிருந்தான். எழுதியது அப்பா என்று பார்த்தவுடனே தெரியும். ஆசிரியருக்கு ஒரே சந்தோஷம். கொஞ்சம் பயமும்தான். இரண்டு வார்த்தையை மழுக்கிவிட்டு, 'இதுவே சரியான விடை' என்று கொட்டை எழுத்தில் போட்டார்.

கொட்டை எழுத்தில்தான் போட்டோம். எங்கேயோ ஒரு ஊரில் ஒரு பத்து வயதுப் பெண் அதையும் படித்திருப்பாள்.

கத்தியும் ரூல் தடியும்

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சண்டைக் காலத்தில் காகிதம் பவுனுக்குச் சமானம். கட்டுப்பாடு வந்து எங்கள் பத்திரிகையே பாதியாக இளைத்துவிட்டது. பத்திரிகை அடிக்கவே தாள் இல்லாதபோது, பிழை திருத்தும் புரூபுக்கு எங்கே போவது? முதல் ஆளாக ஆசிரியர்தான் வழி கண்டுபிடித்தார். வாசகர் கடிதங்களில் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது, அதில் புரூப் போடு என்றார்.

புரூப் தாள் நீளமாக, ஒடுக்கமாக இருக்க வேண்டும். அதனால் கடிதங்களை நெடுக்காக இரண்டாக வெட்ட வேண்டும். அது என் வேலை. படித்துப் பார்ப்பேன், பத்திரிகையில் போட ஆகாது என்று தெரிந்தால் இரும்பு ரூல் தடியை நடுவில் வைத்துக் கத்தியால் ஒரு இழுப்பு. ஒரு நாளைக்கு அறுபது எழுபது கடிதம் போகும். கவர்களையும் விடுவதில்லை. பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டி, அதில் ஆபீஸ் தபால்கள் போகும். எங்கள் சிக்கனத்தைப் பார்த்து மற்ற பத்திரிகைக்காரர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

போட்டிக்கு வந்த கடிதங்களில் ஒரு ரகம் உண்டு. 'டப்பாத்துரை எங்கள் வீட்டில்தான் இருக்கிறான்', 'குண்டுமாமியை நான் நேரில் பார்த்தேன்', 'இது என் கதை, நீங்கள் திருடிவிட்டீர்கள்.' குழந்தைகள் அப்படித்தான் எழுதும். என் கைக்கே அப்படிப் பத்துப் பன்னிரண்டு வந்தது. அவற்றை முழுக்கப் படிப்பதைக்கூட விட்டுவிட்டேன். பொய் சொல்லும் குழந்தைகள் என்று ஒரு சிரிப்பு, ஒரு இழுப்பு.

ஒன்று மட்டும் பொய் இல்லை.

இடது பாதி

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். போட்டி முடிவு அச்சாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அடுத்த அத்தியாயத்தின் புரூபை முந்தின நாள் கோமதியம்மாளுக்கு அனுப்பியிருந்தோம். ஈரம் காயட்டும் என்று அவர் தாள்களைக் குப்புறப் போட்டிருக்கிறார். அப்போதுதான் பின்பக்கம் கண்ணில் பட்டிருக்கிறது.

அந்த வரிகள் எனக்கு மனப்பாடம். இப்படி இருந்தன:

பட்டம் மாமாவுக்கு வ
டப்பாத்துரை நான் வை
அவன் பிஸ்கட் டப்பாவி
தூங்குவான். குண்டுமா
உடைந்த அன்று அம்மா
அடிக்கவில்லை. நான்தா
யார் சொல்லி எழுதுகி
எங்கள் அம்மாவை உங்க

அவ்வளவுதான். அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

"குண்டுமாமி ஒடஞ்சத நான் கதையில எழுதவே இல்லையே" என்றார் கோமதியம்மாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ரங்கூன்ல, எங்க வீட்ல, இவ கைதவறி ஒடச்சா. நான் அடிக்கல. அடிச்சிருவேன்னு பயந்துகிட்டு ஏணிக்கடியில போயி ஒளிஞ்சுகிட்டா. இது எம் மக கையெழுத்து. நான் கைபிடிச்சு எழுதிப் பழக்குனது."

பிறகு நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

ரங்கூனில் குண்டு விழுந்தபோது கப்பலுக்கு ஊரே ஓடியது. துறைமுகத்து நெரிசலில், வீட்டில் காய்ச்சலில் படுத்திருந்த கணவரைக் கூட்டிவரத் திரும்ப வேண்டியிருந்தது. எட்டு வயது வடிவுவைப் பக்கத்து வீட்டு அம்மாள் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கப்பல் இல்லை. பிறகு காடு, மலை, நடை. வழியில் கணவர் போய்விட்டார். இவர் மட்டும் எப்படியோ கல்கத்தா வழியாகப் பட்டணம் வந்து சேர்ந்தார்.

அகதிகளைப் பதிவு செய்யும் இடத்தில் குமாஸ்தா கேட்டிருக்கிறார், குழந்தையை யாரிடம் கொடுத்தீர்கள் என்று.

"ராஜு அம்மாகிட்ட."

"அவங்க பேர் என்ன?"

"ராஜு அம்மா."

"அவங்க வீட்டுக்காரர் பேர்?"

"ராஜு அப்பா."

ஆறு வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்திருக்கிறார்கள். ரசம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அவள் இவரை வடிவு அம்மா என்பாள், இவர் அவளை ராஜு அம்மா என்பார். சொந்தப் பேர் என்று ஒன்று இருக்கும் என்பதே இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நம் பெண்கள் யாரைத்தான் பேர் கேட்கிறார்கள்? என் அம்மாவையே தெருவில் பாதிப் பேர் அமலோற்பவம் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஊர் எது என்றும் கேட்டதில்லை. காவேரித் தண்ணீரைப் பற்றி அவள் அடிக்கடி பேசுவாள், அது மட்டும் இவருக்கு ஞாபகம்.

செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துப் பார்த்தாராம். அப்படிப்பட்ட விளம்பரங்களே பக்கம் பக்கமாக வந்த நாள் அது. பெரியவர்கள் பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருந்துவிடலாம், குழந்தையின் கண்ணிலேயே நேராகப் படவேண்டும் என்று தோன்றியது. தன் பேரைப் போட்டால் அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கோமதி என்று ஒரு பேர் உண்டு என்று எட்டு வயதில் அவள் கேட்டிருக்க மாட்டாள். அதனால்தான் வடிவு அம்மா. அது போனபின், மிஞ்சியது அந்தப் பேர்கள்தான். சேவலுக்கும் ஜாடிக்கும் குடைக்கும் வடிவுவே வைத்த பேர்கள். உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும் அடையாளம் தெரியும்.

அவளும் சரியாகக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறாள்.

"நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன். அழுதுகொண்டே கேட்டேனா, கோபமாகக் கேட்டேனா, ஞாபகமில்லை.

"சொல்லியிருக்கணும்தான். எத்தனையோ பேர்ட்ட சொன்னேன். எல்லாரும் ஒரு பாட்டம் அழுதாவ. பெறகு மறந்துட்டாவ. நீயும் அழுதுட்டு மறந்துருவேன்னு நெனச்சேன்."

அடுப்பு

தமிழில் கடிதம் எழுதுகிறவர்கள் ஊரையும் தேதியையும் எங்கே எழுதுவார்கள்? வலது பக்கத்து மேல் மூலையில். கையெழுத்து? வலது பக்கத்துக் கீழ் மூலையில். எங்களிடம் இருந்தது இடது பாதி.

வெட்டி வைத்த தாள் கட்டுகளை எல்லாம் தரையில் கொட்டினோம். ஆசிரியரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு தாளாகத் திருப்பினோம். எத்தனையோ குழந்தைகளின் பாதிக் கடிதங்கள். மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை.

கம்பாசிட்டர் முனுசாமி மைக் கையோடு வந்து நின்றார். எங்கள் அச்சுக்கூடத்தில் மூத்த ஆள் அவர்தான்.

"இன்னாம்மா தேடிக்கினு கீறீங்க?"

சொன்னேன்.

அவர் கையைத் துணியில் மெதுவாகத் துடைத்தார். "திருத்தி முடிச்ச தாள வச்சி எழுத்துல மை தொடப்போம்மா. தொடச்சத டீ அடுப்புல போட்டுடுவோம். போன வாரத்து கட்டு ஒண்ணுகூட இல்ல. நேத்தே எரிச்சாச்சி." பிறகு கோமதியம்மாளைப் பார்த்து, "எனுக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது" என்றார்.

கவரும் போயிருந்தது. திருப்பி ஒட்டி எங்கோ ஒரு ஏஜென்டுக்கு அனுப்பியிருப்போம்.

கரூர்

இதுவரை சொன்னது கவனக்குறைவு. கேட்கிறவர்கள் மன்னித்துவிடுவார்கள். இனிமேல் சொல்வதுதான் நான் நாற்பது வருஷமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம்.

எல்லாரும் ஓய்ந்து உட்கார்ந்தபின் கோமதியம்மாள் என்னிடம் கேட்டார்: "நீ படிச்சிருப்பல்லா? ஊர்ப் பேரு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. ஒரு எழுத்துகூட இல்லை. அந்தக் கடிதத்தை நான் ஒழுங்காகப் படிக்கவே இல்லை.

அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தெரியாது என்றால் நான் வெறும் கொலைகாரி. ஏதாவது ஒன்று சொன்னால் கொஞ்சமாவது உதவி செய்தவள். காவேரித் தண்ணீர் என்று அவர் சொன்னது வேறு காதில் இருந்தது.

"கரூர்னு இருந்த மாதிரி ஞாபகம்" என்றேன்.

அன்று சாயங்காலமே அவர் ரயிலேறிவிட்டார். பத்து நாளோ பன்னிரண்டு நாளோ இருந்தார். ஒவ்வொரு பள்ளிக்கூட வாசலிலும் மணி அடிக்கும் நேரத்துக்குப் போய் நின்றிருக்கிறார். ஆற்றங்கரையில் தண்ணீர் எடுக்க வரும் பெண்களிடம் எல்லாம் ராஜு அம்மாவைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். ஏழு ராஜு அம்மாக்கள் இருந்தார்களாம். ஏழு வீட்டுக்கும் போயிருக்கிறார்.

அந்த நாட்களில் நான் தினமும் சாந்தோம் கோவிலில் முழங்காலில் நின்றேன். கரூரிலேயே கிடைத்துவிட வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடினேன். அந்த அம்மாளுக்காக மட்டும் மன்றாடினேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

திரும்பி வந்தவர் நேராக என் மேஜைக்குத்தான் வந்தார். இளைத்துக் கறுத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"தெரியலன்னே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அன்றைக்கே அழுது தீர்த்து, பிறகு மறந்திருப்பேன்.

பதினோரு படி

ஆசிரியர் அடுத்த இதழிலேயே கட்டம் கட்டி அறிவிப்புப் போட்டார். 'ஏணியடி ராஜ்யம் தன் வீட்டுக் கதை என்று எழுதிய குழந்தை மறுபடி எழுதவும்.' இன்னொரு போட்டி என்று நினைத்துக்கொண்டு குழந்தைகள் குவித்துவிட்டன. தினம் ஒரு சாக்கு. எல்லாம் தங்கள் வீட்டுக் கதைதான்.

அத்தனையையும் கோமதியம்மாள் எங்கள் ஆபீசிலேயே உட்கார்ந்து படித்தார். ஒன்றும் இல்லை. அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கதையில் இதுவரை சொல்லாத ஒரு விஷயத்தை வேண்டுமென்றே தப்பாக எழுதினார். டப்பாத்துரை ஏணியில் தாவி ஏறுகிறான், 'மொத்தம் பதினோரு படி' என்று ஒரு வரி.

"பதினொண்ணு இல்ல. அந்தப் படியிலதான் அவளுக்கு எண்ணிப் பழக்குனேன். தப்புன்னு தெரிஞ்சா அவ சும்மா இருக்க மாட்டா, சண்டைக்கு வருவா" என்றார். சொல்லும்போது அவர் சிரித்ததை அன்று ஒரு முறைதான் பார்த்தேன்.

வாரா வாரம் எழுதினார். பதினோரு படி, பதினோரு படி. நான் ஒவ்வொரு கடிதத்தையும் மூன்று தரம் படித்தேன். கத்தி பசை டப்பாவுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அறிவிப்பைப் பார்த்த ராஜு அம்மா, வளர்த்த பிள்ளை போய்விடுமே என்று பத்திரிகையை நிறுத்தியிருக்கலாம். அல்லது அது காரணமே இல்லாமல் இருக்கலாம். ஒரு குழந்தை உண்மையை எழுதி, எங்கள் அம்மாவை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறது. அதற்குப் பதில் இல்லை. வக்கீல் பையனின் கதைதான் சரி என்று கொட்டை எழுத்தில் வருகிறது. அந்தக் குழந்தை மறுபடி எதற்காக எழுத வேண்டும்?

சில மாதங்களில் காகிதம் அடியோடு நின்றது. பத்திரிகையும் நின்றது. டப்பாத்துரை கடைசி இதழில் ஏணியில் பாதி ஏறியிருந்தான்.

கோமதியம்மாள் அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் இருந்தார். என் பேர் கொண்ட திருநாளுக்கு டிசம்பரில் தவறாமல் வீட்டுக்கு வருவார். அமலா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, முழுப் பேரையும் சொல்லித்தான் கூப்பிடுவார். கரூரைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னித்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியாகப் படுத்திருந்தபோது, ஆற்றுக் காற்று வரும் அந்தப் பின்கட்டு அறையில், என் காதருகே ஒரு எண்ணைச் சொன்னார். "யாராச்சும் வந்தா இதக் கேளு. அச்சுல மட்டும் போட்றாத" என்றார்.

நான் போடவில்லை. இன்றைக்கும் போடப் போவதில்லை.

வடிவுக்கு

உனக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். வேறு பேரில்கூட இருப்பாய். உன்னையும் யாராவது இன்னார் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். பட்டம் மாமா என்று ஒருவரும் இல்லை. அது உன் அம்மா. கப்பலுக்குத் திரும்பி வந்தார், வரும்போது கப்பல் இல்லை. குண்டுமாமி உடைந்ததற்கு அவருக்குக் கோபமே இல்லை. டப்பாத்துரைக்கு நீ வைத்த பேர்தான் சரியான விடை. அதைச் சொல்ல நாற்பது வருஷம் தாமதமாகிவிட்டது.

உங்கள் வீட்டு ஏணிக்கு எத்தனை படி?

இந்தப் பத்திரிகை விலாசத்துக்கே எழுது. வலது பக்கத்து மேல் மூலையில் ஊர்ப் பேரை எழுது. நான் முழுதாகப் படிப்பேன்.